ரம்ஃபோர்டு பிரபுவும் என் காப்பி இயந்திரமும்

சென்ற ஆண்டு படிப்பை முடித்துக்கொண்டு விடுதியைக் காலி செய்த அக்கா ஒருவர், தம்முடைய காப்பி இயந்திரத்தை என்னிடம் விட்டுச் சென்றார். பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே தாள் வடிகட்டி வைக்கும் கூடை, கீழே கண்ணாடிச் சாடி, அதன் அடியில் சூடான தட்டு. விசையைத் தட்டினால் சொட்டுச் சொட்டாகக் காப்பி இறங்கும் சாதாரண இயந்திரம்தான். தேர்வுக் காலத்தில் பெருந்துணையாக இருக்கும் என்று மகிழ்ந்தேன். முதல் நாளே மகிழ்ச்சி வடிந்துவிட்டது. காப்பி தண்ணீராகவும் இருந்தது, கசக்கவும் செய்தது, அடிநாக்கில் ஒரு புளிப்பும் நின்றது. ஒரே கோப்பைக்குள் இந்த மூன்று குறைகளும் எப்படிச் சேர முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் அம்மா பித்தளை வடிகட்டியில் டிகாக்சன் இறக்குவார். விடுதிக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் துணிப்பையில் வடித்த கோப்பி கிடைக்கும். இரண்டும் மின்சாரம் இல்லாத பழைய முறைகள். இரண்டும் சுவையாக இருக்கும்போது, மின்சாரத்தில் ஓடும் கருவி மட்டும் ஏன் இப்படிக் காலை வாருகிறது?

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இயற்பியல் பயிலும் எனக்கு முதலாண்டிலேயே ரம்ஃபோர்டு பிரபுவின் பெயர் அறிமுகம். பீரங்கியைத் துளையிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தவர், வெப்பம் ஒரு பொருளன்று என்று காட்டியவர் என்று விரிவுரையில் இரண்டே வரிகளில் கடந்து போவார்கள். அதே மனிதர் தம் கடைசிக் காலத்தில் நல்ல காப்பி தயாரிப்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதி, 1812இல் இலண்டனில் வெளியிட்டார் என்பதை நூலகத்தில்தான் அறிந்தேன். அதைத் தேடிப் போனவன் அவருடைய வாழ்க்கைக்குள் விழுந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், படிக்கப் படிக்க அவர் மீது எனக்கு வியப்பும் வளர்ந்தது, வெறுப்பும் வளர்ந்தது.

அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1753 மார்ச் 26ஆம் நாள் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஓபர்ன் என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். 13 வயதில் சேலம் நகரத்துக் கடை ஒன்றில் பயிற்சிப் பணியாளாகச் சேர்த்துவிட்டார்கள். (நம் சேலம் அன்று, அமெரிக்கச் சேலம்.) கணக்கு எழுத வேண்டிய பையன் வாணவேடிக்கைக்கு மருந்து அரைக்கப்போய் உடம்பைச் சுட்டுக்கொண்டான். பிறகு ஹார்வர்டு கல்லூரியில் நடக்கும் அறிவியல் விரிவுரைகளைக் கேட்பதற்காக நண்பன் ஒருவனுடன் ஊரிலிருந்து நடந்தே போய் வந்தான்.

19 வயதில் நியூ ஹாம்ப்ஷியரில் ரம்ஃபோர்டு என்ற பழைய பெயர் கொண்ட கான்கார்டு ஊரில் பள்ளி ஆசிரியர் வேலை. அந்த ஊரில் சாரா ரோல்ஃப் என்ற செல்வந்தக் கைம்பெண் இருந்தார். தாம்சனைவிட பதின்மூன்று பதினான்கு வயது மூத்தவர். 1772இல் திருமணம் நடந்தது. ஒரே நாளில் ஏழை ஆசிரியர் நிலவுடைமையாளரானார். ஆளுநரின் தயவும் கிடைத்து, போர் அனுபவமே இல்லாத அவருக்கு ஊர்ப்படையில் மேஜர் பதவி வந்தது. அக்கம்பக்கத்தாருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? 1774இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதே ஆண்டின் இறுதியில், பிரிட்டிஷ் சார்புடையவர் என்று குற்றம்சாட்டி ஒரு கூட்டம் வீட்டைத் தேடி வரவே, மனைவியையும் சில மாதக் குழந்தையையும் விட்டுவிட்டுத் தப்பி ஓடினார்.

அந்தக் கூட்டத்தின் ஐயம் வீண் அன்று. 1775 மே மாதம், புரட்சிப் படையின் நடமாட்டத்தைப் பற்றி அவர் பாஸ்டனிலிருந்த பிரிட்டிஷ் தளபதிக்கு ஓர் இரகசியக் கடிதம் அனுப்பினார். மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ சாதாரண மடல். வரிகளுக்கு இடையே மாசிக்காய்ச் சத்தால் எழுதிய கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அன்னபேதி உப்புக் கரைசலைத் தடவினால் அது கறுத்துத் தெரியும். இந்தக் கடிதம் அவருடையது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்பட்டது. தம் ஊராருடன் பேசிச் சிரித்துக்கொண்டே அவர்களைக் காட்டிக்கொடுத்த மனிதர். 1776இல் பிரிட்டிஷ் படை பாஸ்டனைவிட்டு வெளியேறியபோது அவரும் இலண்டனுக்குப் போய்விட்டார். மனைவியை அதன் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1792இல் அந்த அம்மையார் இறக்கும்வரையில் பார்க்கவில்லை.

இலண்டனில் ஏறுமுகம். வெடிமருந்தின் ஆற்றலை அளந்து காட்டி 1779இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சில் துணைச் செயலாளரானார். போரின் கடைசி நாள்களில் மீண்டும் அமெரிக்காவுக்குப் படைத்தலைவராக வந்து, லாங் ஐலண்டின் ஹண்டிங்டன் ஊரில் இடுகாட்டின் மேலேயே ஒரு கோட்டை கட்டினார். கல்லறைக் கற்களைப் பிடுங்கி ரொட்டி அடுப்புக்கு அடித்தளமாகப் போட்டார்களாம். வெந்த ரொட்டியின் அடியில் இறந்தவர்களின் பெயர்கள் தலைகீழாகப் பதிந்திருந்தன என்று அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். இந்தப் பகுதியைப் படித்த இரவு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இவரிடமா காப்பி போடக் கற்றுக்கொள்வது என்று தோன்றியது.

ஆனால் அடுத்த அத்தியாயம் மியூனிக். ஜெர்மனியின் பவேரிய நாட்டு மன்னர் கார்ல் தியோடோர், இந்தப் புதியவரைத் தம் ஆலோசகராக அமர்த்திக்கொண்டார். அங்கே தாம்சன் செய்தவை நம்ப முடியாத அளவுக்கு அதிகம். சம்பளம் குறைந்து சோம்பிக் கிடந்த படைவீரர்களுக்குத் தோட்டம் போட நிலம் கொடுத்தார். இன்றும் மியூனிக் மக்கள் உலவும் ஆங்கிலப் பூங்கா 1789இல் அவருடைய முயற்சியால் தொடங்கியதுதான். 1790 ஜனவரி முதல் நாள், நகரத்துப் பிச்சைக்காரர்களைப் படையை விட்டுப் பிடிக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 2,600 பேர் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பிடித்தவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. பழுதுபார்த்த ஒரு பழைய தொழிற்சாலையில் நூல் நூற்கவும், படைக்கு உடை தைக்கவும் வேலை கொடுத்து, கணப்பு மூட்டிய கூடத்தில் உணவும் கொடுத்தார். நல்லொழுக்கம் வந்த பிறகுதான் நல்வாழ்வு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதலில் வயிறும் உடம்பும் சுகப்படட்டும், ஒழுக்கம் பிறகு தானாக வரும் என்பது அவர் வாதம். ஆள் பிடித்த விதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த வாதத்துக்கு மறுப்பும் என்னிடம் இல்லை.

அந்தக் கூடத்தில்தான் ரம்ஃபோர்டு சூப் பிறந்தது. வாற்கோதுமை, பட்டாணி, உருளைக்கிழங்கு, காடி, காய்ந்த ரொட்டித் துண்டு. குறைந்த செலவில் வயிறு நிறைய வேண்டும் என்பதே கணக்கு. உருளைக்கிழங்கை அன்றைய பவேரிய மக்கள் தாழ்வாக நினைத்ததால், மறைவான ஓர் அறையில் அதை உருத்தெரியாமல் குழைய வேகவைத்து, யாருக்கும் சொல்லாமல் கலந்தாராம். சமையற்கட்டில் விறகு வீணாவதைப் பார்த்து மூடிய அடுப்பை வடிவமைத்தார். படைவீரர் உடைக்காகக் கம்பளி, பட்டு, பறவை இறகு ஆகியவற்றின் வெப்பம் காக்கும் திறனை அளந்து பார்த்தார். குளிரைத் தடுப்பது நூல் மட்டுமன்று, நூலுக்கு இடையில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் என்று கண்டார். இதை நினைவில் வையுங்கள், காப்பிக்கு வரும்போது தேவைப்படும்.

மன்னர் அவரைப் பிரபுவாக்கினார். பட்டத்துக்கு எந்த ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டார் தெரியுமா? தம்மை விரட்டியடித்த, தாம் காட்டிக்கொடுத்த, மனைவி மகளை விட்டுவிட்டு வந்த அதே ரம்ஃபோர்டு. ஏன் என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

இனி வெப்பம். அந்நாளில் வெப்பம் என்பது கலோரிக் என்ற கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று அறிஞர்கள் நம்பினார்கள். அதற்கு அந்தப் பெயர் நிலைக்கக் காரணமானவர்களுள் பிரெஞ்சு வேதியியலறிஞர் லவாய்சியர் முக்கியமானவர். மியூனிக் ஆயுதச்சாலையில் பித்தளைப் பீரங்கிகளைத் துளையிடும்போது உலோகம் கொதிப்பதைப் பார்த்த ரம்ஃபோர்டு, ஒரு பீரங்கித் துண்டைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து, வேண்டுமென்றே மழுங்கிய துளைகருவியால் உராயச் செய்தார். இயந்திரத்தைச் சுற்றியவை குதிரைகள். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். உராய உராய வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது, தீரவில்லை. தீராத ஒன்று பொருளாக இருக்க முடியாது, அது ஓர் அசைவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1798இல் ராயல் சொசைட்டியில் அறிவித்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவருடைய கஞ்சி ஆராய்ச்சி. ஆப்பிள் உள்ளே வைத்துச் சுட்ட பண்டமும் கெட்டியான அரிசிக் கஞ்சியும் மட்டும் ஏன் இவ்வளவு நேரம் ஆறாமல் வாயைச் சுடுகின்றன என்று யோசித்தார். நீர்மத்துக்குள் வெப்பம் பெரும்பாலும் நீர்மம் புரண்டு ஓடுவதால்தான் பரவுகிறது, கஞ்சியில் அந்தப் புரளல் தடைப்படுகிறது, ஆகவே ஆறுவதில்லை. இன்று வெப்பச்சலனம் என்று பாடநூலில் படிக்கிறோமே, அதை இப்படி வாயைச் சுட்டுக்கொண்டு புரிந்துகொண்டவர் அவர்.

1799இல் இலண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற நிறுவனத்தைத் தோற்றுவிக்க முன்னின்றார். 1801இல் ஹம்ஃப்ரி டேவி என்ற இளைஞரை அங்கே வேலைக்கு எடுத்தார். ராயல் சொசைட்டிக்குப் பணம் கொடுத்துத் தம் பெயரில் ஒரு பதக்கத்தையும் நிறுவினார். 1802இல் முதல் பதக்கம் யாருக்கு? அவருக்கேதான். சக நிர்வாகிகளுடன் மனக்கசப்பு வரவே பாரிஸ் போய்விட்டார்.

பாரிஸில் அவர் மணந்துகொண்டது, 1794இல் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்ட லவாய்சியரின் மனைவி மரி ஆனை. யாருடைய கொள்கையைத் தகர்த்தாரோ அவருடைய மனைவி. 1805 அக்டோபரில் திருமணம், 1809இல் பிரிவு. அந்த அம்மையாருக்கு விருந்தும் பேச்சும் வேண்டும், இவருக்கு அமைதியும் தோட்டமும் வேண்டும். ஒரு நாள் மனைவி அழைத்த விருந்தினர் உள்ளே வராதபடி வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அம்மையார் கொதிநீரைக் கொண்டுபோய் இவருடைய பூச்செடிகள் மேல் ஊற்றிவிட்டார். இதைத் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் ரம்ஃபோர்டே தெரிவித்திருக்கிறார். வெப்பத்தைப் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்திருந்தவர் வீட்டில் நடந்த கதை இது.

பிரிந்த பிறகு பாரிஸை ஒட்டிய ஓத்தேயில் தனியாகக் குடியிருந்தார். குளிர்காலத்தில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளை அங்கியும் அணிந்து நடப்பார். வெள்ளை நிறம் உடல் வெப்பத்தைக் குறைவாக வெளிவிடும் என்பது அவருடைய கணிப்பு. ஊர் சிரித்தது, அவர் கவலைப்படவில்லை. மதுவில் நாட்டம் இல்லாதவர். காப்பிதான் அவருக்குத் துணை. அங்கிருந்துதான் அந்தக் கட்டுரை எழுந்தது.

சொட்டு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பாரிஸ் பேராயர் டி பெல்வா பெயரால் வழங்கிய இரண்டடுக்குப் பாத்திரம் அங்கே புழக்கத்தில் இருந்தது. மேலடுக்கில் பொடி, அதன் மேல் வெந்நீர், கீழடுக்கில் காப்பி. அம்மாவின் பித்தளை வடிகட்டியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரம்ஃபோர்டு கேட்ட கேள்வி வேறு. ஒரே பொடி, ஒரே தண்ணீர், ஆனால் ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் வருவது ஏன்?

அவர் கண்ட காரணங்களைச் சொல்லும்போதே என் இயந்திரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காப்பியின் உயிர் மணத்தில் இருக்கிறது, அந்த மணம் ஆவியாகப் பறந்துபோகக் கூடியது என்பது அவருடைய முதல் கருத்து. ஆகவே பொடியைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைக்கவே கூடாது. அன்று பல வீடுகளில் அப்படித்தான் செய்துவந்தார்கள். கொதிக்கும்போது வீடு முழுதும் மணக்கும். அந்த மணம் கோப்பையில் இருக்க வேண்டியது என்பதுதான் சிக்கல். அதே வேளையில் தண்ணீர் நல்ல சூடாக இருந்தால்தான் சத்து இறங்கும். கொதித்த நீரைப் பொடியின் மேல் ஊற்றி, அது ஆறாமல் கடந்து போகும்படி செய்ய வேண்டும். அதற்காக முழுப் பாத்திரத்தையும் கொதிநீர் நிரம்பிய இன்னொரு உறைக்குள் அமைத்தார்.

இன்றைய நியமப்படி பொடியைத் தொடும் நீர் 92 முதல் 96 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி வந்து என் இயந்திரத்தைச் சோதித்தேன். முதலில் சொட்டிய நீர் 80 பாகையைக்கூட எட்டவில்லை. ஓடி முடியும் தறுவாயில்தான் 90ஐத் தாண்டியது. காரணம் எளிது. தொட்டித் தண்ணீர் ஓர் அலுமினியக் குழாய்க்குள் இறங்கிச் சூடாகி, நீராவிக் குமிழிகள் அதை மேலே தள்ளுகின்றன. தொடக்கத்தில் மேற்குழாயும் கூடையும் சாடியும் குளிர்ந்து கிடப்பதால் அவையே வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. என் காப்பியின் புளிப்பு இங்கிருந்துதான் வந்தது. இப்போது பொடி போடாமல் வெறும் தண்ணீரை ஒரு முறை ஓடவிடுகிறேன். தாள் வடிகட்டியையும் அப்போதே வைத்துவிடுவதால் தாள் வாடையும் கழுவிப் போகிறது. சாடியில் இறங்கிய வெந்நீரைக் கொட்டிவிட்டு உடனே பொடி போட்டு மறுபடியும் ஓட்டுவேன். குழாய்க்குள் உப்புப் படிந்திருந்தால் சூடு இன்னும் குறையும். எலுமிச்சை அமிலம் கரைத்த தண்ணீரை மாதம் ஒரு முறை ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீர் இரண்டு முறை ஓட்டினால் போதும்.

அடுத்தது பொடியின் படுகை. ரம்ஃபோர்டு இதற்குக் காட்டிய அக்கறை பீரங்கிக்குக் காட்டியதற்குக் குறைந்ததன்று. பொடி எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, அரை அங்குலத்துக்குள் வரும்படி ஒரு தட்டையான அழுத்தியால் சமமாக அழுத்தச் சொன்னார். மேலிருந்து விழும் நீர் பொடியைக் குழி பறிக்காமலிருக்கத் துளைகள் உள்ள தகடு ஒன்று அதன் மேல் இருக்கும். அம்மாவின் வடிகட்டியில் குடைபோல் காம்புள்ள ஒரு தட்டு உண்டே, அதன் வேலையும் இதுதான். சிறுவயதில் அதை நான் பம்பரம் என்று எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

என் இயந்திரத்தில் நீர் நடுவில் ஒரே இடத்தில் விழுகிறது. மூடியைத் திறந்து பார்த்தபோது நடுவில் ஆழமாக ஒரு பள்ளம், ஓரத்தில் நனையாத பொடி. பள்ளத்தில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சத்தை உறிஞ்சிக் கசப்பைக் கொண்டுவருகிறது. ஓரத்துப் பொடி ஒன்றும் தராமல் வீணாகிறது. கசப்பும் தண்ணீர்த்தன்மையும் ஒரே கோப்பையில் சேர்ந்த மர்மம் அப்போது விலகியது. இப்போது கூடையை இலேசாகத் தட்டிப் பொடியைச் சமப்படுத்துகிறேன். நீர் விழத் தொடங்கியதும் நீண்ட கரண்டியால் ஒரே ஒரு முறை மெதுவாகக் கிளறி எல்லாவற்றையும் நனைத்துவிடுகிறேன். கிளறுவது ரம்ஃபோர்டுக்கு உடன்பாடு இல்லாத காரியம். அழுத்துவது என் தாள் வடிகட்டிக்கு ஒத்துவராத காரியம், அடைத்துக்கொள்ளும். ஆளுக்கொரு விட்டுக்கொடுத்தல்.

அடைத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. அம்மா கொடுத்தனுப்பிய சிக்கரி கலந்த பொடியை இந்த இயந்திரத்தில் போட்டு, கூடை பொங்கி வழிந்து மேசை முழுதும் காப்பி. அந்தப் பொடி மிக நுண்ணியது, மெதுவாக இறங்க வேண்டிய வடிகட்டிக்கு உரியது. நம் நாட்டுக் கோப்பித் தூள் பெரும்பாலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்தது, அது துணிப்பைக்கும் கெட்டிப்பாலுக்கும் உரியது. இயந்திரத்துக்குக் குறுமணல் பதத்தில் அரைத்த, கலப்பில்லாத பொடிதான் சரி. ரம்ஃபோர்டும் கறுக்க வறுப்பதை விரும்பவில்லை. அடர்ந்த இலவங்கப்பட்டை நிறம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அரைத்த பொடியில் காற்றுப் படாதிருக்க, பொடி குறையக் குறைய மூடியும் கீழே இறங்கும்படியான தகர டப்பா ஒன்றையும் வடிவமைத்தார். என்னிடம் அப்படி ஒரு டப்பா இல்லை. சிறு பொட்டலமாக வாங்கி, காற்றைப் பிதுக்கி இறுக்கிக் கட்டி வைக்கிறேன்.

அளவு விஷயத்தில் அவருடைய கணக்கைப் பார்த்து மலைத்துப்போனேன். ஒரு சிறு கோப்பைக்குக் கால் அவுன்ஸ் என்றார், அதாவது 7 கிராம். இன்றைய நியமம் 1 லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம். 125 மில்லிலிட்டர் கோப்பைக்குக் கணக்குப் போட்டால் வருவதும் ஏறத்தாழ அதே 7 கிராம்தான். நானோ அதில் பாதியைப் போட்டுவிட்டு, காப்பி நீர்த்திருக்கிறது என்று இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, இறங்கிய காப்பியை என்ன செய்வது? மணம் பறக்கக் காரணம் நீர்மம் உள்ளே புரள்வது என்பது அவர் கஞ்சியிலிருந்து கற்ற பாடம். ஆறும்போதும் புரளும், மறுபடி சூடாக்கும்போதும் புரளும். எனவே அடியில் நெருப்பு வைக்காமல், சுற்றிலும் காப்பு வைத்து ஒரே சூட்டில் அசையாமல் நிறுத்த வேண்டும். கம்பளியில் சிக்கிய காற்று உடம்பைக் காப்பதும் இதே வழியில்தான். என் இயந்திரத்தின் சூடான தட்டு இதற்கு நேர் எதிர். தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அதே கம்பிதான் சாடியின் அடியையும் சுட்டுக்கொண்டே இருக்கிறது, அரை மணி நேரத்தில் காப்பி கருகல் வாடை அடிக்கிறது. காப்பி இறங்கியவுடன் விசையை அணைத்து, வெந்நீரால் அலசிய வெப்பக்குடுவையில் ஊற்றிவிடுகிறேன். அந்தக் குடுவைக்கு அடிப்படையான வெற்றிடக் கலத்தை 1892இல் உருவாக்கியவர் ஜேம்ஸ் டிவார். அவர் பணியாற்றிய இடம் ரம்ஃபோர்டு தோற்றுவித்த அதே ராயல் இன்ஸ்டிடியூஷன்.

மகள் சாராவை ஒரு வார்த்தையாவது சொல்லாமல் முடிக்க முடியாது. தாய் இறந்த பிறகு, 1796இல், 20 வயதைக் கடந்த பெண்ணாகத்தான் தந்தையை அறிந்துகொள்ள ஐரோப்பா வந்தார். கைக்குழந்தையாக விட்டுப்போனவரிடம் அவர் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. சில ஆண்டுகளில் ஊர் திரும்பி, 1811இல் மீண்டும் ஓத்தேய் வந்து முதியவருக்குத் துணையிருந்தார். ரம்ஃபோர்டு 1814 ஆகஸ்ட் 21ஆம் நாள் காய்ச்சலில் காலமானார். ஓத்தேயிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சொத்தில் ஒரு பகுதியை, சிறுவயதில் நடந்துபோய்ப் பாடம் கேட்ட ஹார்வர்டுக்கு எழுதி வைத்திருந்தார். சாரா பின்னாளில் கான்கார்டுக்கே திரும்பி, 1852இல் அங்கே இறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்தைக் கொண்டு அவ்வூரில் தாயில்லாப் பெண் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைந்தது.

இந்தப் பருவம் முடிந்ததும் இயந்திரம் முதலாண்டுத் தங்கை ஒருவரிடம் போகிறது. குடுவையும் கூடவே போகும். எத்தனை கரண்டி பொடி என்பதை எழுதித் தொட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் கீழே, பொடி போடுவதற்கு முன் வெறும் தண்ணீரை ஒரு முறை ஓடவிட மறக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.